மார்ட்டின் வீட்டில் சிட்டும் ஸ்டார்லிங்கும் குடியேறாமல் இருக்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பனி விலகும் காலத்தில் ஒன்ராறியோவின் தோட்டக் கடைகளில் பல அறைகள் கொண்ட வெள்ளை நிறப் பறவை வீடுகள் விற்பனைக்கு வந்துவிடும். பெட்டியின் மேல் பேர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவையின் படம் இருக்கும். ஆசையோடு வாங்கிப் பின்வளவில் கம்பம் நட்டு ஏற்றிவிட்டு, இனிப் பறவை தானாக வந்து சேரும் என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். பறவை வரத்தான் செய்கிறது. ஆனால் வருவது சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங் என்ற மைனா வகைப் பறவையும். கவனிப்பாரில்லாத பன்னிரண்டு அறை வீடு ஒன்று கோடை முழுவதும் சிட்டுகளைப் பெருக்கி, அக்கம்பக்கத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் மார்ட்டின் கூடுகளுக்கும் தொல்லையை அனுப்பிவைக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாரம் ஒருமுறை வீட்டை இறக்கிப் பார்க்க முடியாதவர்கள் மார்ட்டின் வீடு நிறுத்தாமல் இருப்பதே நல்லது. முடிந்தவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

மார்ட்டின் தகைவிலான் குடும்பத்துப் பறவை. வட அமெரிக்கத் தகைவிலான்களில் மிகப் பெரியது. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில், பெரும்பாலும் பிரேசிலில், கழித்துவிட்டு வசந்தத்தில் இங்கே வருகிறது. ஒரு காலத்தில் பட்ட மரங்களில் மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் முட்டையிட்டது. ஐரோப்பியர் வருமுன்பே முதற்குடி மக்கள் காய்ந்த சுரைக்குடுக்கையில் துளை போட்டுக் கம்பத்தில் தொங்கவிட்டு அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இன்று ரொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இந்தப் பறவை ஏறத்தாழ முழுக்க முழுக்க மனிதர் வைக்கும் வீடுகளையும் குடுக்கைகளையும் நம்பியே இனம் பெருக்குகிறது. அந்த அறை பறிபோனால் அதற்குப் போக்கிடம் இல்லை.

பறிப்பவை இரண்டுமே மனிதர் கொண்டுவந்து விட்டவை. சிட்டுக்குருவியை 1850களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் புரூக்ளினில் விட்டார்கள். ஐரோப்பிய ஸ்டார்லிங்கை 1890இலும் 1891இலும் அதே நகரின் சென்ட்ரல் பார்க்கில் விட்டார்கள். அங்கிருந்து கண்டம் முழுவதும் பரவிவிட்டன. சிட்டுக்குருவி மேல் நம்மவருக்குள்ள பாசம் தெரிந்ததே. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அது மண்ணுக்குரிய பறவை. அங்கே அதற்குப் பெட்டி வைப்பது நல்ல காரியம். இங்கே அது பொந்தில் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகளின் முட்டையைக் குத்தி, குஞ்சைக் கொன்று இடம் பிடிக்கும் பறவை. அங்குள்ள பாசத்தை இங்கே கொண்டுவந்து பழைய சோற்றையும் பாண்துண்டையும் தினமும் வளவில் கொட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில் ஸ்டார்லிங். மைனா குடும்பத்தைச் சேர்ந்த பறவை, சுமார் 80 கிராம். மார்ட்டின் சுமார் 55 கிராம், சிட்டு 28 கிராம்தான். ஸ்டார்லிங்கின் கூரிய அலகு வளர்ந்த மார்ட்டினையே அறைக்குள் வைத்துக் குத்திக் கொன்றுவிடும். ஆனால் மூன்றில் ஸ்டார்லிங்தான் பெரியது என்பதால், அதை வாசலிலேயே தடுக்க வழி இருக்கிறது. பழைய வீடுகளில் 2⅛ அங்குல வட்டத் துளை இருக்கும். அதில் ஸ்டார்லிங் சிரமமில்லாமல் நுழையும். அதற்குப் பதிலாகப் பிறை வடிவ வாசல் போட வேண்டும்: அடி நேராக, மேல் வளைவாக, அகலம் 3 அங்குலம், நடு உயரம் 1 3/16 அங்குலம், அதாவது 30 மி.மீ. மார்ட்டினுக்குக் கால் மிகக் குட்டை. வாசலுக்கு வந்ததும் வயிற்றைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, தோளை ஒருபக்கமாகச் சாய்த்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஸ்டார்லிங் தலையையும் கழுத்தையும் நுழைக்கும், நெஞ்சு தட்டும், காலை உதைத்துப் பார்க்கும், பின்வாங்கிவிடும்.

இந்த 30 மி.மீ.யில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 32 மி.மீ. ஆனால் ஸ்டார்லிங் உள்ளே. 28 மி.மீ. ஆனால் மார்ட்டினே திணறும். கடையில் வாங்கியதாக இருந்தாலும் ஒவ்வொரு வாசலையும் அளந்து பாருங்கள். சரியாக 30 மி.மீ. தடிப்புள்ள பலகைத்துண்டு ஒன்றைச் செதுக்கி வைத்துக்கொண்டால் போதும்: அது இறுக்கமாகப் போய்வர வேண்டும், ஆடக்கூடாது. பெயின்ட் அடித்தால் வாசல் சுருங்கும். அரத்தால் தேய்த்து மறுபடி அளக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் வெயிலில் வளைந்து வாசல் வாய் பிளப்பதும் உண்டு. மரமானால் பல பருவங்கள் பறவை உரசி உரசி விளிம்பு தேயும். எனவே இந்த அளவெடுப்பை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். 30 மி.மீ.யிலும் நுழைந்துவிடும் சிறிய ஸ்டார்லிங் எப்போதாவது ஒன்று வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் ஸ்டார்லிங் நுழைந்தால், வாசல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வாசலின் அடி விளிம்பு, அறைக்கு முன்னால் பறவை வந்து நிற்கும் திண்ணையிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் உயரக்கூடாது. திண்ணையோடு சமமாக இருந்தால் இன்னும் நல்லது. வாசல் உயரத்தில் இருந்தால் ஸ்டார்லிங் விளிம்பைப் பற்றிக்கொண்டு உடலைச் சரித்து நெஞ்சை இறக்க இடம் கிடைத்துவிடுகிறது. திண்ணை மட்டத்தில் நிற்கும்போது அந்த வசதி அதற்கு இல்லை. பலர் பழைய வட்டத் துளை இருந்த உயரத்திலேயே பிறைத் தகட்டைப் பொருத்திவிட்டு, பிறை வாசல் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். அடுக்குகளாகவும் மூலை வளைந்த செவ்வகமாகவும் வேறு சில வடிவங்களும் கிடைக்கின்றன. எந்த வடிவமானாலும் உயரம் பற்றிய கணக்கு இதேதான்.

ஏற்கெனவே மார்ட்டின் குடியிருக்கும் வட்டத் துளை வீட்டில் எல்லா வாசலையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. வட்டத்துக்குப் பழகிய பறவை பிறையைக் கண்டு தயங்கும், சில விட்டே போய்விடும். முட்டையோ குஞ்சோ உள்ளே இருக்கும்போது தாய்ப்பறவைக்கு உள்ளே போகும் அவசரம் இருக்கும். அப்போது ஒன்றிரண்டு அறைகளுக்கு மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று ஆணும் பெண்ணும் இரண்டும் நுழைவதைப் பாருங்கள். ஒன்று வெளியிலேயே சுற்றினால் பழைய தகட்டைத் திருப்பி மாட்டுங்கள், முட்டை குளிர்ந்துவிடக்கூடாது. குடுக்கைகளில் இன்னொரு ஆபத்து உண்டு: வாசலின் ஒடுங்கிய மூலையில் சிறகு மாட்டிக்கொள்வது. வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் பற்றி நிற்கச் சொரசொரப்பான சிறு திண்ணை இருந்தால் இது பெருமளவு குறையும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கை அப்படியே விடாமல் மணல்தாளால் உரசி விடுங்கள்.

இப்போது சிட்டுக்குருவி. இதை எந்த வாசலாலும் தடுக்க முடியாது. மார்ட்டின் நுழையும் எதிலும் அதில் பாதி எடையுள்ள சிட்டு நுழையும். குடுக்கை காற்றில் ஆடினால் சிட்டு வராது என்று சிலர் சொல்வதையும் நம்பி இருக்க வேண்டாம். சிட்டைத் தடுப்பது மனிதக் கண்ணும் கையும்தான். எனவே இறக்க முடியாத வீடு, கம்பத்தில் நிரந்தரமாக ஆணி அடித்த வீடு, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். கப்பியும் கயிறும், அல்லது கைப்பிடி சுற்றும் விஞ்ச் உள்ள கம்பம் வேண்டும். வீடு நேராக இறங்கி நேராக ஏற வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவும் எண்ணும் வேண்டும். கம்பத்தில் ரக்கூனும் பாம்பும் ஏறாதபடி தகரக் குழாய்த் தடுப்பு போடுவது இதோடு சேர்ந்த வேலை.

சிட்டு விஷயத்தில் முதல் ஆயுதம் அடைப்பு. மார்ட்டின் வரும்வரை எல்லா வாசல்களும் மூடியிருக்க வேண்டும். தென் ஒன்ராறியோவில் வயது முதிர்ந்த மார்ட்டின்கள் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி வரத் தொடங்கும். அவை பெரும்பாலும் முந்தைய ஆண்டு இருந்த இடத்துக்கே போகும். புதிய வீட்டில் முதலில் குடியேறுவது அநேகமாக முந்தைய ஆண்டு பிறந்த இளசுகள். அவை சுமார் நான்கு வாரம் பிந்தித்தான் வரத் தொடங்கும், ஜூன் வரையும் வந்துகொண்டிருக்கும். ஆகவே புதிதாக வீடு நிறுத்துகிறவர் மார்ச்சில் திறந்து வைத்தால் அது சிட்டுக்கு விடுத்த அழைப்பு. மே நடுப்பகுதியில் சில அறைகளை மட்டும் திறந்தால் போதும். பழைய குடியிருப்புள்ளவர்கள் முதல் மார்ட்டினைக் கண்ட பிறகு, வந்த எண்ணிக்கைக்கு ஏற்பச் சில அறைகள் கூடுதலாகத் திறந்துகொண்டு போகலாம்.

வாரம் ஒருமுறை, மழையும் குளிரும் இல்லாத நாளில், பிற்பகலுக்கு முன் வீட்டை இறக்குங்கள். மனிதர் தொட்டால் மார்ட்டின் கூட்டைக் கைவிட்டுவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. கதவைத் திறந்தால் எதைப் பார்க்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மார்ட்டின் கூடு தட்டையாக இருக்கும்: சுள்ளி, காய்ந்த தண்டு, வாசலோரம் சேற்று வரம்பு, மேலே பச்சை இலைகள்; முட்டை தூய வெள்ளை. சிட்டின் கூடு அறையையே நிரப்பும்: புல், வைக்கோல், இறகு, நூல், பிளாஸ்டிக் துண்டு எல்லாவற்றையும் கூரைபோல் வளைத்துக் கட்டியிருக்கும்; முட்டையில் சாம்பலும் பழுப்புமாகப் புள்ளிகள் இருக்கும். ஸ்டார்லிங் முட்டை வெளிறிய நீலப் பச்சை. சிட்டு வென்றுவிட்ட அறையில் கைவிட்டுக் கிளறினால், வைக்கோலுக்கு அடியில் மார்ட்டினின் சேற்று வரம்பு அப்படியே கிடக்கும். அதில் ஊசித்துளை விழுந்த வெள்ளை முட்டைகள், கரு காய்ந்து சுள்ளியோடு ஒட்டியிருக்கும்.

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வெள்ளை முட்டை என்றால் மார்ட்டின் மட்டும் அல்ல. இன்னொரு தகைவிலானான ட்ரீ ஸ்வாலோவின் முட்டையும் வெள்ளைதான், சிறியது. கூட்டில் வெள்ளை இறகுகள் விரித்திருக்கும். நீல முட்டை நேர்த்தியான மெல்லிய புல் கிண்ணத்தில் இருந்தால் அது புளூபேர்டாக இருக்கலாம். அறை முழுவதும் குச்சியாக இருந்து, முட்டையில் இளஞ்சிவப்புப் பொடிப்புள்ளி இருந்தால் ஹவுஸ் ரென். இவை எல்லாம் சட்டப் பாதுகாப்புள்ளவை. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைத்தால் குற்றம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டமும், கனடாவில் 1994ஆம் ஆண்டு இடம்பெயர் பறவைகள் சட்டமும் சிட்டையும் ஸ்டார்லிங்கையும் பாதுகாப்புக்கு வெளியே விட்டிருக்கின்றன. இன்ன பறவை என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் கலைக்க வேண்டாம். ட்ரீ ஸ்வாலோ வந்துவிட்டால் அதைத் துரத்தாமல், 30 அடிக்கு அப்பால் 1½ அங்குலத் துளையுள்ள தனிப்பெட்டி ஒன்று வையுங்கள். அந்தத் துளையில் ஸ்டார்லிங் நுழையாது. ட்ரீ ஸ்வாலோ அங்கே குடியேறும்வரை மார்ட்டின் அறைகளை அடைத்து வைத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

சிட்டின் கூட்டைப் பிடுங்கி எறிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பரவலான தவறு. ஆண் சிட்டு துணையை இழந்தாலும் இடத்தை விடாது. கறுத்த தொண்டையும் சாம்பல் நிற உச்சியும் கொண்ட அந்த ஆண், அறை வாசலில் அமர்ந்து காலையிலிருந்து மாலைவரை கத்திக்கொண்டே இருக்கும். கூடு போனால் அன்றைக்கே திரும்பக் கட்டத் தொடங்கும். ஆத்திரத்தில் பக்கத்து அறைகளில் புகுந்து மார்ட்டின் முட்டைகளைக் குத்துவதும் நடக்கும். எனவே மார்ட்டின் இன்னும் முட்டையிடாத வாரங்களில் கூட்டைப் பிடுங்கலாம், அந்த அறையை உடனே அடைக்கலாம். மார்ட்டின் முட்டையிட்ட பிறகு கூட்டைத் தொடாதீர்கள்; சிட்டின் முட்டையை மட்டும் எடுத்து, சோள எண்ணெயை ஓடு முழுவதும் படும்படி பூசி, மறுபடி அதே இடத்தில் வையுங்கள். காற்றுப் போகாமல் கரு வளராது. பெண் சிட்டு பொரியும் பொரியும் என்று அதன்மேல் இருந்துகொண்டிருக்கும். ஆணும் அந்த அறையைக் காவல் காப்பதோடு அமைதியாக இருக்கும். பெண் சிட்டு சலித்து விட்டுவிட்டு மறு ஈடு முட்டையிட்டால் அதையும் அப்படியே செய்ய வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுவரை போடும் பறவை என்பதால் கோடை முழுவதும் இது தொடரும்.

பிடிக்கிற துணிவுள்ளவர்கள் அறைக்குள் வைக்கும் பொறியைப் பயன்படுத்தலாம். உள்ளே நுழையும் பறவையின் கால் பட்டதும் தகடு மேலெழுந்து வாசலை மூடிவிடும் சாதாரண அமைப்பு. அதைச் சிட்டு உரிமை கொண்டாடும் அறையில் மட்டும், நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் வையுங்கள். வாசலில் 1¼ அங்குலத் துளையுள்ள தகட்டைப் பொருத்தினால் சிட்டு நுழையும், மார்ட்டின் நுழைய முடியாது. மணிக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், இருட்டுமுன் கழற்றிவிட வேண்டும். ரென் அல்லது சிக்கடீ மாட்டியிருந்தால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். குறிவைக்க வேண்டியது ஆணைத்தான். பெண்ணை மட்டும் பிடித்தால் ஆண் வேறொரு துணையைக் கூவி அழைத்துவிடும். பிடித்ததை வேறு ஊரில் கொண்டுபோய் விடுவது தீர்வல்ல. அது திரும்பி வரும், அல்லது இன்னொருவர் வைத்த கூட்டைக் கெடுக்கும். கொல்வதானால் துன்பமில்லாமல் உடனடியாக இருக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் அடைப்பு, எண்ணெய் இரண்டோடு நிற்கலாம், அதிலும் குறைவில்லை. நச்சுத்தீனியும் பசைத்தட்டும் ஒருபோதும் கூடாது. காற்றுத்துப்பாக்கியைப் பல நகராட்சி விதிகள் தடை செய்கின்றன.

வீட்டைச் சுற்றியுள்ள ஈர்ப்புகளையும் குறைக்க வேண்டும். உடைத்த சோளம், தினை, பாண் மூன்றும் சிட்டுக்கு விருந்து; சோளமும் பாணும் ஸ்டார்லிங்குக்கும் விருந்துதான். தீனி வைத்தே ஆக வேண்டும் என்றால் நைஜர் விதை வையுங்கள். அதைச் சிட்டு அதிகம் விரும்பாது. ட்ரையரின் புகைவாய், குளியலறை விசிறியின் வெளிவாய், கூரையோரத்துச் சந்து எல்லாம் ஸ்டார்லிங் கூடு கட்டும் இடங்கள். ட்ரையர் வாய்க்குச் சாதாரண வலை போட்டால் பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதற்கென்றே கூண்டுபோல் செய்த மூடி கிடைக்கிறது, அதைப் போடுங்கள். உள்ளே குஞ்சு இல்லை என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

பொம்மை ஆந்தை, ரப்பர் பாம்பு, மினுங்கும் நாடா எல்லாம் காசுக்குக் கேடு. சிட்டு இரண்டு நாளில் பழகிவிடும், மார்ட்டின்தான் மிரளும். மார்ட்டின் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் நுளம்பு தின்னும் என்ற விளம்பரத்தையும் நம்பி வாங்க வேண்டாம். பகலில் உயரப் பறந்து தும்பி, வண்டு, ஈ போன்றவற்றைப் பிடிப்பதே அதன் வழக்கம்; நுளம்பு அதில் மிகச் சிறு பங்கு. நுளம்பு போகவில்லையே என்று வீட்டைக் கவனிப்பாரற்று விட்டுவிடுகிறவர்கள் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குஞ்சுகளுக்கு 22 நாள் ஆன பிறகு அந்த அறையைத் திறக்க வேண்டாம். பயந்து முன்கூட்டியே குதித்துவிடும். ஓகஸ்டில் மார்ட்டின்கள் கூட்டமாகத் தெற்கு நோக்கிக் கிளம்பிய பின், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அறைகளைச் சுத்தம் செய்து, காய விட்டு, எல்லா வாசல்களையும் அடைத்துவிடுங்கள். திறந்துகிடந்தால் சிட்டுகள் குளிர்காலம் முழுவதும் இரவில் அங்கேயே அடைந்து, ஏப்ரலில் மார்ட்டின் வரும்போது அந்த அறைகளை விட்டுக்கொடுக்காமல் நிற்கும்.

இங்ஙனம்,
பறவை ஆர்வலர்கள் சிலர்,
ஒன்ராறியோ